‘மூர்’ என்றால் யார்?



பள்ளிக்கூடத்திற்குக் கொடுக்கவென்று பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து வைக்கிறீர்கள். அதை எட்டிப் பார்த்த பிள்ளை, “உம்மா, இங்கிலீஷில் ‘சிறீலங்கன் மூர்’ என்று இருக்கிறதே, மூர் என்றால் யார்?” என்று கேட்கிறது. என்ன பதில் சொல்வீர்கள்? “சோனகர் என்பதைத்தான் அப்படி எழுதுவார்கள்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். பதில் சரிதான், ஆனால் அரைப் பதில்.

வடமேற்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர்களை ரோமர்கள் ‘மவுரி’ என்றும், அவர்களுடைய நாட்டை ‘மவுரெத்தானியா’ என்றும் அழைத்தார்கள். 711ஆம் ஆண்டில் அந்தப் பக்கமிருந்துதான் முஸ்லிம் படை ஸ்பெயினுக்குள் நுழைந்தது. ஆகவே ஐரோப்பியர் வாயில் அந்தப் பெயர் முஸ்லிம்களுக்கே பொதுப்பெயராயிற்று. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், இங்கே கண்ட முஸ்லிம்களையும் அதே பெயரால் குறித்தார்கள். பின்னர் ஒல்லாந்தர் எழுதினார்கள், ஆங்கிலேயரும் எழுதினார்கள். பத்திரங்களில் அது நிலைத்துவிட்டது. நமக்கு நாமே தமிழில் வழங்கிய பெயரோ சோனகர்.

பிள்ளைகள் தடுமாறும் இடங்களைக் கொஞ்சம் பார்ப்போம்.

மொரிட்டானியா மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஓர் இஸ்லாமியக் குடியரசு. 1960இல் பிரான்சிடமிருந்து சுதந்திரம் பெற்றது. பழைய ரோமர் காலத்துப் பெயரைப் பிரெஞ்சுக்காரர்தான் இந்த நாட்டுக்கு எடுத்து வைத்தார்கள். அந்நாட்டவரை ஆங்கிலத்தில் ‘மொரிட்டானியன்’ என்று எழுத வேண்டும். எல்லோரையும் ‘மூர்’ என்று எழுதக்கூடாது. சோனின்கே, வொலொஃப் போன்ற வேறு மக்களும் அங்கே இருக்கிறார்கள்.

மொரோக்கோவும் மொரீசியஸும் வேறு வேறு நாடுகள். மொரோக்கோவின் பெயர் மராகேஷ் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. மொரீசியஸ் ஓர் ஒல்லாந்து இளவரசரின் பெயரைத் தாங்கிய தீவு.

காம்பியாவை ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ‘த’ சேர்த்து ‘த காம்பியா’ என்று எழுத வேண்டும். அந்த நாடு தன் பெயரை அப்படித்தான் எழுதுகிறது. சூடானுக்கும் முன்பு ‘த’ போட்டார்கள். இன்று பெரும்பாலும் போடுவதில்லை.

நம்முடைய பெயரிலும் கவனம் வேண்டும். வாப்பாவின் பழைய பத்திரத்தில் ‘சிலோன் மூர்’ என்று இருக்கலாம். 1972இல் நாட்டின் பெயர் மாறிய பிறகு ‘சிறீலங்கன் மூர்’ என்பதே வழக்கம். வெளிநாட்டவருக்கு எழுதும்போது ‘மூர்’ என்று மட்டும் எழுதினால் ஆப்பிரிக்கர் என்றே எண்ணிக்கொள்வார்கள். ‘சிறீலங்கன் மூர், தமிழ் பேசும் முஸ்லிம்’ என்று எழுதினால் குழப்பமில்லை. ‘மூரிஷ்’ என்ற சொல் வேண்டாம். அது ஸ்பெயினின் அல்ஹம்ரா போன்ற கட்டடங்களுக்குச் சொல்வது.

“பெயரில் என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்பார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவைக் கேளுங்கள். 1990 அக்டோபர் 30ஆம் தேதி, விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத் தவணை கொடுத்து யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வீடும் கடையும் நகையும் பின்னால் கிடந்தன. சோனகர் இல்லாமற்போனார்கள், தெருவின் பெயர் மட்டும் ‘சோனகத் தெரு’ என்றே இருந்தது. போர் முடிந்த பிறகு ஒரு பகுதியினர் திரும்பி வந்து, பெயர் தெரிந்த அதே தெருவில் தங்கள் வீட்டு மனையைத் தேடினார்கள். புத்தளத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தத் தெருவின் பெயர்தான் ஊரோடு மிச்சமிருக்கும் உறவு. அவர்களை ‘அகதி’ என்று அழைத்தபோது எவ்வளவு வலித்திருக்கும்!

ஒருவரையொருவர் பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்த வேண்டாமென்று சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். ஒரு மனிதருக்குச் செய்யக்கூடாததை ஒரு நாட்டுக்கும் ஒரு மக்களுக்கும் செய்யலாமா? நம் பெயரைப் பிறர் சரியாக எழுத வேண்டுமென்று விரும்பும் நாம், பிறர் பெயரையும் சரியாக எழுதப் பழகுவோம்.

இன்றிரவு உலகப்படத்தை விரித்து, மொரிட்டானியாவைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் விரலை வைத்து, சோனகத் தெருவின் கதையையும் சொல்லிக்கொடுங்கள்.