மூங்கில் துப்பாக்கிக்கு மெருகு

கொல்லம் சாலையில் கேரளத்துக்குள் நுழைவதற்கு முன் நம் பக்கத்தில் கடைசியாக வரும் ஊர் புளியறை. சோதனைச் சாவடியில் லாரிகள் ராப்பகலாக நின்று நின்று போகும். அந்த ரோட்டில் ஒரு பையன் தன் கையால் செய்த காற்றுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறான் என்று வையுங்கள். அதற்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறான். மேலே ஒரு துண்டு பிவிசி குழாயைத் தொலைநோக்கி மாதிரி ஒட்டியிருக்கிறான். ஐம்பதடி தள்ளி நிற்கும் காவலருக்கு அது பொம்மையா நிஜமா என்று எப்படித் தெரியும்?

'துப்பாக்கி செய்துவிட்டேன், பார்வைக்கு இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டும்' என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கைவேலையின் அழகு, அது எதனால் ஆனதோ அதை எடுத்துக்காட்டுவதில் இருக்கிறது. மூங்கில் மூங்கிலாகத் தெரியட்டும். நிஜத் துப்பாக்கியின் சாயல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அமெரிக்காவில் 1989 முதல் பொம்மைத் துப்பாக்கிகளின் வாய்ப்பகுதிக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிற அடையாளம் கட்டாயமானதும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

நான் பேசுவது ஈரக் காகித உருண்டையை 'டப்'பென்று தள்ளும் மூங்கில் துப்பாக்கியைப் பற்றி மட்டும். ஈயக் குண்டு போடும் ஏர்கன் வேறு சங்கதி. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ, குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேலோ போனால் அதை வைத்திருக்க உரிமம் வேண்டும். வீட்டில் குழாயும் பம்பும் வைத்து அதைச் செய்து பார்க்கும் வேலையில் யாரும் இறங்க வேண்டாம். ஊரை ஒட்டியே மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு இருக்கிறது. அங்கே புறாவையோ மைனாவையோ குறிவைத்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

மூங்கில் துப்பாக்கியும் சரியான காற்றுத் துப்பாக்கிதான். இரண்டு முனையும் திறந்த ஒரு கணு நீளக் குழல். முன்வாயில் ஒரு ஈரக் காகித அடைப்பு, பின்வாயில் ஒன்று. பின்னடைப்பைக் குச்சியால் தள்ளினால் நடுவில் சிக்கிய காற்று நெருங்கும். இருபது சென்டிமீட்டர் காற்று பத்தாகச் சுருங்கினால் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிக்கும். விஞ்ஞானி பாயில் 1662-இல் எழுதிவைத்த விதி அது. முன்னடைப்பின் பிடிப்பை அழுத்தம் மிஞ்சும்போது அது தெறித்து ஓடும். குச்சி குழலைவிட ஒரு விரற்கடை குட்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் பின்னடைப்பு வாயருகே நின்று, அடுத்த வேட்டுக்கு முன்னடைப்பாக மாறும்.

இந்தப் பொம்மைக்கு நாடறிந்த கௌரவம் இருப்பது சத்தீஸ்கரின் பஸ்தரில். ஜெகதல்பூரில் ஜகந்நாதர் தேர் ஓடும் கோஞ்சா விழாவில் பழங்குடி மக்கள் இதே மூங்கில் துப்பாக்கியை ஏந்தித் தேருக்கு மரியாதை வேட்டு வைக்கிறார்கள். அதன் பெயர் துப்கி. நம் 'துப்பாக்கி'யும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். குண்டாகப் போடுவது பெங் என்ற காட்டுக் காய். நாம் வாலுளுவை என்று சொல்லும் கொடியின் காய்தான். அங்கே இதைச் செய்பவர்கள் குழலை வெறுமனே விட்டுவிடுவதில்லை. பனையோலைப் பின்னலும் வண்ணக் காகிதமும் சுற்றி விழாக்கோலத்தில் விற்கிறார்கள். அதை எந்தக் கூட்டத்தில் தூக்கிப் பிடித்தாலும் ஒருவரும் மிரள மாட்டார்கள். பனைக்குப் பஞ்சமில்லாத நம் மாவட்டத்தில் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இனி வேலைக்கு வருவோம். மெருகு என்பது கடைசியில் பூசும் பூச்சு என்று பலர் நினைக்கிறார்கள். அது மூங்கிலைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இளமூங்கில் காயும்போது சுருங்கிக் கோணும். மூன்று வயது தாண்டிய மூங்கிலே நிற்கும். காப்புக்காட்டில் கை வைக்காமல் தோட்டத்து மூங்கிலோ கடை மூங்கிலோ வாங்குங்கள். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு துளைக்கும். துண்டைப் பத்துப் பதினைந்து நாள் தண்ணீரில், மேலே கல் ஏற்றி ஊறப்போட்டால் அந்தச் சத்து குறையும். பிறகு நிழலில் நிமிர்த்திச் சாத்திவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் பிளக்கும்.

காய்ந்த மூங்கிலின் மேல்தோல் மெழுகுபோல் வழவழப்பானது. அதன்மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது. ஒட்டினாலும் சில மாதத்தில் செதில் செதிலாக உரியும். பலருடைய துப்பாக்கி அசிங்கமாகிப் போவது இங்கேதான். கத்தியை நிமிர்த்திப் பிடித்து, நார் ஓடும் திசையிலேயே தோலைச் சுரண்டி எடுங்கள். கணு மேட்டை அரத்தால் ராவிச் சமப்படுத்துங்கள். பிறகு உப்புத்தாள்: 80, 120, 220 என்று படிப்படியாக. நாருக்குக் குறுக்கே ஒரு தடவை தேய்த்தாலும் அந்தக் கீறல் பூச்சுக்கு அடியில் பல்லிளிக்கும். 220 முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். அமுங்கிக் கிடந்த நார்கள் முள்ளாக எழும்பும். 400 நம்பர் தாளால் அவற்றை லேசாக எடுத்துவிட்டால், கன்னத்தில் உரசினாலும் உறுத்தாது.

பொன்னிறம் வேண்டுமானால் பெயின்ட் தேவையில்லை. குழலைத் தணலுக்கு மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினால் உள்ளிருக்கும் எண்ணெய் வியர்த்து வெளியே வரும். அதைத் துணியால் துடைத்துத் தேய்க்கத் தேய்க்க நிறம் ஏறும். பெரியவர் ஒருவர் கூட இருந்து செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு முனையும் திறந்த குழலையே காட்ட வேண்டும். கணு மூடிய மூங்கில் தணலில் வெடிக்கும். மஞ்சள் கரைத்துப் பூசுவது அழகுதான், ஆனால் வெயில் பட்டால் சில நாளில் வெளுத்துவிடும்.

இரு முனைகளிலும் ஒரு அங்குல அகலத்துக்குப் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். பார்ப்பவர்கள் இதை அலங்காரம் என்பார்கள். குழல் வாய் பிளக்காமல் காப்பதே அந்த நூல்தான். சிவப்பும் மஞ்சளும் மாற்றி மாற்றிச் சுற்றலாம். தள்ளும் குச்சியின் கைப்பிடிக்குக் கொய்யாக் கிளை நன்றாக இருக்கும். விசைவில்லும் வளைந்த பிடியும் வேண்டாம்.

பூச்சுக்கு நான் சொல்வது அரக்கு. அரக்கு பூசிய அம்பாசமுத்திரத்து மரச் செப்புகள் நம் பக்கத்துப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களாக இருந்தவை. கடைசலில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் பரவும். கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் அதன்மேல் தாழை மடலை அழுத்தித் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறார்கள். கடைசல் இல்லாத வீட்டில் அரக்குச் சருகைச் சாராவியில் (ஸ்பிரிட்டில்) கரைத்த பாலிஷ் போதும். துணிப் பொட்டலத்தில் நனைத்து, கனமாக ஒரு பூச்சுக்குப் பதில் மெல்லியதாக ஐந்தாறு பூச்சு கொடுங்கள். நூல் சுற்றும் அந்த அரக்கைக் குடித்து இறுகிவிடும்.

குழலின் உட்புறத்தில் எதையும் பூசக் கூடாது. குச்சியில் உப்புத்தாள் சுற்றி உள்ளே வழவழப்பாக்கினால் போதும். சத்தம் கணீரென்று வர அந்த வழவழப்பும் உதவும்.

தேங்காய் எண்ணெய் தேய்த்தால் மின்னும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அது உலராத எண்ணெய். பிசுபிசுத்துத் தூசியும் பூஞ்சையும் பிடிக்கும். உலர்கிற எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். அதைத் தொட்ட துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் போடுங்கள். வண்ணம் தீட்டுவதானால் டப்பாவைப் படித்துப் பாருங்கள். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2017 நவம்பர் முதல் சட்டம். விளையாட்டுச் சாமான் பிள்ளைகளின் வாய்க்குப் போகாமல் இருக்காது.

ஒன்று மட்டும் புளியறைக்கென்றே சொல்ல வேண்டும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றில் ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிடும். குற்றாலத்துக்கு அது சீசன். அரக்குக்கு அது ஆகாத காலம். சாராவி ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பூச்சு பால்போல வெளிறிப்போகும். ஆடிச் சாரலில் பூசிய என் குழல் ஒன்று அப்படித்தான் வெளிறியது. தாளால் சுரண்டி எடுத்துவிட்டு, வெயில் காலத்தில் மறுபடி முதலிலிருந்து பூச வேண்டியிருந்தது.

வேட்டு வைக்கும்போது யார் முகத்துக்கு நேரேயும் குழலை நீட்டக் கூடாது. காகித உருண்டைதான் என்றாலும் கண்மணியைக் காயப்படுத்த அது போதும்.

மாசியில் மூங்கிலை வெட்டி ஊறப்போடுங்கள். பங்குனியில் சுரண்டித் தேயுங்கள். சித்திரை வெயில் இருக்கும்போதே அரக்கு பூசி முடித்துவிடுங்கள்.