டிஷ்ஷா, கேபிளா? ஒரே கம்பியில் இரண்டும் வரும்போது எழும் கேள்விகள்

புது தில்லி: தலைநகரின் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் இரண்டு காட்சிகள் கண்ணில் படும். ஒன்று, தென்திசை நோக்கி வரிசையாக நிற்கும் டிஷ் ஆன்டெனாக்கள். மற்றொன்று, கம்பத்துக்குக் கம்பம் தாவிக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கறுப்பு வயர்கள். முதலாவது துருப்பிடித்து வருகிறது. இரண்டாவது நாளுக்கு நாள் தடித்து வருகிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான "டிராய்' வெளியிடும் கணக்கும் இதையே சொல்கிறது. கட்டண டி.டி.எச். சேவையின் சந்தாதாரர்கள் 2019-ல் 7 கோடிக்கு மேல் இருந்தனர். 2025 மார்ச்சில் இந்த எண்ணிக்கை 6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. இதே காலத்தில் கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் பெருகி 4 கோடியைக் கடந்துள்ளன.

"டிஷ்ஷை எடுத்துவிடுங்கள். டி.வி.யும் இன்டர்நெட்டும் ஒரே கம்பியில் தருகிறோம். ஒரே பில்' என்று வீடு தேடி வரும் முகவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதே இன்று பல நடுத்தரக் குடும்பங்களின் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இது நூறு, இருநூறு ரூபாய் விவகாரம். ஆனால், வீட்டுக்குள் வரும் செய்தியும் பொழுதுபோக்கும் யார் கை வழியாக வருகின்றன என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது.

தடையில் தொடங்கிய வரலாறு: 1991 வளைகுடாப் போரின்போது வெளிநாட்டுச் செய்திச் சேனலைக் காட்டத் தொடங்கிய தெருமுனை கேபிள் ஆபரேட்டர்கள், அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவினர். அவர்களை நெறிப்படுத்த 1995-ல் கேபிள் டி.வி. சட்டம் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று அறிவித்தது. அரசோ தனியாரோ அவற்றை ஏகபோகமாக வைத்துக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம்.

ஆயினும், செயற்கைக்கோளிலிருந்து வீட்டுக்கு நேரடியாக ஒளிபரப்பும் டி.டி.எச். சேவையை மத்திய அரசு 1997 ஜூலையில் தடை செய்தது. 2000 நவம்பரில்தான் அத் தடை நீங்கியது. 2003-ல் முதல் தனியார் சேவை தொடங்கியது. தூர்தர்ஷனின் இலவச டி.டி.எச். 2004 டிசம்பரில் வந்தது.

விரும்பிய சேனலுக்கு மட்டும் பணம் கட்டும் உரிமை கேபிள் சந்தாதாரருக்கு எளிதில் கிடைக்கவில்லை. "காஸ்' எனப்பட்ட நிபந்தனை அணுகுமுறைத் திட்டம் 2003 செப்டம்பர் 1-ல் சென்னையில் அமலுக்கு வந்தது. சட்டப் பேரவைத் தேர்தல் நெருங்கிக் கொண்டிருந்த தில்லியில் அது ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் உயர் நீதிமன்றம் தலையிட்டதால், 2006-ம் ஆண்டின் கடைசி நாளில்தான் தில்லி, மும்பை, கோல்கத்தா நகரங்களின் சில பகுதிகளுக்கு அது வந்து சேர்ந்தது. கேபிள் முழுமையாக டிஜிட்டல் மயமாகும் பணி நான்கு பெருநகரங்களில் 2012-ல் தொடங்கி, நாட்டின் பிற பகுதிகளில் 2017-ல்தான் நிறைவுக் கட்டத்தை எட்டியது.

இந்த இடைவெளியில்தான் டி.டி.எச். வேரூன்றியது. தெருமுனை ஆபரேட்டரின் மனப்போக்கை நம்பி வாழ்ந்தவர்களுக்கு டிஷ் ஒரு விடுதலையாகவே தோன்றியது. குறிப்பாக, ஆர்.கே. புரம், மயூர் விஹார், கரோல் பாக் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். தமிழர்கள் சேர்ந்து வாழும் இடங்களில் கேபிள் ஆபரேட்டர் ஓரிரு தமிழ்ச் சேனல்களைச் சேர்ப்பார். பத்து வீடு தள்ளிக் குடிபோனால் அதுவும் இல்லை. டிஷ் வந்தபின், தெரு எதுவானாலும் தமிழ் வீட்டுக்குள் வந்தது.

கட்டணக் கணக்கு: டிராயின் புதிய கட்டண முறை, சென்னை உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடந்த வழக்குகளுக்குப் பிறகு, 2019 பிப்ரவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. டிஷ்ஷோ, கேபிளோ, முதல் 100 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய்; 18 சதவீத வரியுடன் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்கு அவற்றின் விலை தனி. அடுத்த ஆண்டே அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்று விதி தளர்ந்தது.

ஆக, சேனல் கட்டணத்தைப் பொருத்தவரை டிஷ்ஷுக்கும் கேபிளுக்கும் இடையே சட்டப்படி வேறுபாடு இல்லாமல் இருந்தது. ஆனால், 2024 ஜூலையில் டிராய் இந்த உச்சவரம்பை நீக்கியது. அடிப்படைக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக் கொள்ளலாம். எனவே, பழைய கணக்கை மனத்தில் வைத்து இன்று முடிவெடுக்க முடியாது. இரு தரப்பின் கட்டணப் பட்டியலையும் கையில் வாங்கிப் பார்ப்பதே வழி.

இத்துடன் மற்றொரு வேறுபாடும் உண்டு. டி.டி.எச். நிறுவனங்கள் தமது வருவாயில் ஒரு பங்கை உரிமக் கட்டணமாக மத்திய அரசுக்குச் செலுத்துகின்றன. கேபிள் நிறுவனங்களுக்கு அச் சுமை இல்லை. இதைப் படிப்படியாக நீக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் டிராய் பரிந்துரைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, டி.டி.எச். ஒருவழிப் பாதை. வானிலிருந்து வீட்டுக்கு வரும்; வீட்டிலிருந்து வானுக்குத் திரும்பிச் செல்லாது. ஆகவே, டிஷ் வைத்திருப்பவர் இணையத்துக்குத் தனியாகப் பணம் கட்டியாக வேண்டும். பிள்ளைகளின் படிப்பு, வங்கிக் கணக்கு, மின் கட்டணம் எல்லாமே இணையம் வழியாகிவிட்ட வீட்டில் இரண்டு பில் என்பது சுமைதான். கேபிளுக்கு ஆதரவான வலுவான வாதம் இதுவே.

மழையும் குரங்கும்: டி.டி.எச். பயன்படுத்தும் "கே.யு.' அலைவரிசை கனமழையில் வலுவிழக்கும். சுமார் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளிலேயே கோளாறு ஏற்பட்டால் நாடு முழுவதும் பாதிப்பு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரம் குறைந்தபோது, தென்னிந்தியாவில் பெரும் எண்ணிக்கையில் சந்தாதாரர்களைக் கொண்டிருந்த சன் டைரக்ட் சேவை முடங்கி, வெளிநாட்டுச் செயற்கைக்கோளுக்கு மாற வேண்டியதாயிற்று.

கம்பிக்கு வானிலிருந்து தொல்லை இல்லை, மண்ணிலிருந்து உண்டு. சாலை தோண்டினால் அறுபடும். வாராணசியில் கங்கைக் கரையில் போடப்பட்ட ஃபைபர் கம்பிகளைக் குரங்குகள் கடித்துத் தின்றதாக 2015-ல் செய்தி வந்தது. குரங்குகளுக்குப் பஞ்சமில்லாத தில்லிவாசிகள் இதைப் படித்து வியந்திருக்க மாட்டார்கள்.

எந்தக் கம்பி என்பதும் முக்கியம். பழைய செப்புக் கேபிளில் தெருவுக்குத் தெரு மின்சாரத்தில் இயங்கும் பெருக்கிகள் உண்டு. தெருவில் மின்தடை ஏற்பட்டால், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. வீடு வரை வரும் கண்ணாடி இழைக் கம்பிக்கு இடையில் மின்சாரம் தேவையில்லை. "ஃபைபர்' என்று விளம்பரம் செய்துவிட்டு, கடைசி நூறு மீட்டரைச் செப்புக் கம்பியில் இழுப்போரும் உண்டு என்பதால், கேட்டுத் தெளிவது நல்லது.

செயற்கைக்கோள் வழி இணையம் பற்றியும் இப்போது பேசப்படுகிறது. ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் மத்திய அரசு உரிமம் வழங்கியது. கம்பி எட்டாத மலைகளுக்கும் தீவுகளுக்கும் அது வரப்பிரசாதமாக இருக்கலாம். ஃபைபர் வந்துவிட்ட நகரவாசிக்கு அது அவசரத் தேவை அல்ல.

சுவிட்ச் யார் கையில்?: அரசியல் நோக்கர்கள் அதிகம் கவனிக்காத பகுதி இதுதான். 1995-ம் ஆண்டின் கேபிள் டி.வி. சட்டத்தின் 19-வது பிரிவு, பொது நலன் கருதி ஒரு நிகழ்ச்சியையோ சேனலையோ கேபிளில் ஒளிபரப்பக் கூடாது என உத்தரவிட மாவட்ட ஆட்சியர், கோட்ட அதிகாரி, காவல் ஆணையர் ஆகியோருக்கு அதிகாரம் தருகிறது. அதாவது, கேபிளின் சுவிட்ச் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது. டி.டி.எச்.சின் கடிவாளமோ உரிம நிபந்தனைகள் வழியாக மத்திய அரசின் கையில் உள்ளது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டபோது, அங்கு தொலைபேசி, இணையம், கேபிள் டி.வி. ஆகியவை நிறுத்தப்பட்டன. டிஷ் ஆன்டெனா வைத்திருந்த வீடுகளில்தான் செய்திகளைப் பார்க்க முடிந்தது என்று அப்போது தகவல்கள் வெளியாயின. அங்கு 4ஜி இணையம் முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மணிப்பூரில் 2023 மே மாதம் இணையம் துண்டிக்கப்பட்டது. ஜூலை 25-ல் முதலில் திரும்பியது, நிபந்தனைகளுடன் கூடிய கம்பிவழி இணைப்புதான். செல்போன் இணையம் அல்ல. விவசாயிகள் போராட்டத்தின்போது, 2021 ஜனவரியில், தில்லியின் எல்லைகளான சிங்கு, காஜிப்பூர், டிக்ரி பகுதிகளிலும் இணையம் நிறுத்தப்பட்டது.

இவற்றிலிருந்து தெரிவது என்ன? தொலைக்காட்சியைப் பொருத்தவரை உள்ளூர் உத்தரவுக்கு டிஷ் எளிதில் அகப்படாது. இணையத்தைப் பொருத்தவரை செல்போனைவிடக் கம்பி சற்று நம்பகமானது. இரண்டையும் ஒரே கம்பியில் ஒப்படைத்துவிட்டால், ஒரே உத்தரவில் இரண்டும் நின்றுபோகும். அமைதியான காலத்தில் இது பெரிதாகத் தோன்றாது. செய்தி மிகவும் தேவைப்படும் நேரம் எப்போதும் அமைதியான நேரமாக இருப்பதில்லை.

ஒரே கை: கம்பியை வைத்திருப்பவரே சேனலையும் வைத்திருந்தால்? 2018-ல் டென், ஹாத்வே என்ற இரு பெரிய கேபிள் நிறுவனங்களின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்குவதாக ரிலையன்ஸ் அறிவித்தது. 2024 நவம்பரில் அக் குழுமத்தின் தொலைக்காட்சித் தொழிலும் டிஸ்னி ஸ்டார் நிறுவனமும் இணைந்தன. இணையம், கேபிள், சேனல், கிரிக்கெட் உரிமை எனப் பலவும் ஒரே கூரையின்கீழ் வந்துள்ளன.

அரசே கம்பியை வைத்திருப்பதும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. தமிழ்நாட்டில் 2007-ல் உருவாகி, 2011-ல் 70 ரூபாய்க் கட்டணத்தில் உயிர்பெற்ற அரசு கேபிள் டி.வி. நிறுவனம், டிஜிட்டல் உரிமத்துக்காக 2017 வரை தில்லியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கட்டணம் குறைந்ததை மக்கள் வரவேற்றனர். எந்தச் சேனல் எந்த வரிசையில் தெரிகிறது, எது தெரியாமல் போகிறது என்ற சர்ச்சைகள் ஆட்சி மாறும்போதெல்லாம் எழுந்தன. அரசுகளும் அரசியல் அமைப்புகளும் ஒளிபரப்பிலும் சேனல் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று டிராய் 2014-ல் பரிந்துரைத்தது. ஊடக உடைமைக் குவிப்புக்கு வரம்பு தேவை என்றும் அதே பரிந்துரையில் கூறியது.

மாறும் உரிமை எங்கே?: செல்போன் எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. தொலைக்காட்சியில் அப்படி இல்லை. ஒரு நிறுவனத்தின் செட்-டாப் பாக்ஸ் மற்றொன்றுக்கு உதவாது. பெட்டிகள் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று 2020 ஏப்ரலில் டிராய் பரிந்துரைத்தது. ஆனால், இன்றும் கோடிக்கணக்கான பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. பல குடியிருப்புகளில் ஒரே ஒரு நிறுவனத்தின் கம்பியை மட்டுமே அனுமதிக்கும் வழக்கமும் உள்ளது. இந் நிலையில், டிஷ்ஷைக் கழற்றிய பிறகு கட்டணம் உயர்ந்தால் சந்தாதாரருக்குப் போக்கிடம் இல்லை.

என்ன செய்யலாம்?: இணையம் அன்றாடம் தேவைப்படும் வீட்டுக்குக் கம்பி தவிர்க்க முடியாதது, அதில் ஐயமில்லை. ஆனால், இணையத்துக்குக் கம்பி என்பதால் டி.வி.யையும் அதிலேயே சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலில் இணைய இணைப்பை மட்டும் எடுத்து, மூன்று மாதம் அதன் தரத்தைப் பார்க்கலாம். தமக்கு வேண்டிய தமிழ்ச் சேனல்கள் அந்த நிறுவனத்தின் பட்டியலில் உள்ளனவா, சலுகைக் காலம் முடிந்தபின் கட்டணம் என்ன, பெட்டிக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வருமா என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும்.

தொலைக்காட்சியைக் குறைவாகப் பார்ப்பவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் "ஃப்ரீ டிஷ்' 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதில் இந்திச் சேனல்களே அதிகம் என்றாலும், 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து பெயர் மாறிய "டி.டி. தமிழ்' கிடைக்கிறது. இணையக் கம்பியுடன் இதையும் வைத்துக்கொண்டால் பில் ஒன்றுதான், வழி இரண்டு.

சேவையில் குறை ஏற்பட்டால் நிறுவனத்தின் புகார் மையத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றத்தை நாடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

கேபிள், டி.டி.எச்., இணையவழி ஒளிபரப்பு அனைத்தையும் ஒரே சட்டத்தின்கீழ் கொண்டுவரும் வரைவை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. அத்தகைய சட்டம் எப்போது வந்தாலும், 19-வது பிரிவு போன்ற அதிகாரங்கள் யாரிடம் இருக்கும், சந்தாதாரருக்கு மாறும் உரிமை உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும்.

அதுவரை, மொட்டை மாடியில் உள்ள டிஷ்ஷை அவசரப்பட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம்.