வீட்டிலிருந்து வேலை: குழுவில் யாரும் தனித்துப் போகாமல் பார்த்துக்கொள்வோம்

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நம்மில் பலர் முதன்முறையாக வீட்டிலிருந்து வேலை செய்தோம். ஆணை முடிந்த பிறகும் சில நிறுவனங்களில் அம்முறை தொடர்கிறது. தங்காக்கில் இருந்துகொண்டே கோலாலம்பூர் அல்லது ஜொகூர் பாரு அலுவலகத்திற்கு நீங்கள் வேலை செய்பவராக இருக்கலாம். பயணச் செலவு மிச்சம். குடும்பமும் அருகில் இருக்கும். ஆனால், சக ஊழியரின் முகத்தைப் பார்க்காமலே நாள்கள் கழிந்தால் மனம் சோர்ந்துவிடக்கூடும்.

அலுவலகத்தில் ஒருவர் வாடியிருந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். தே தாரிக் குடிக்க அழைத்துச் சென்று விசாரிப்போம். வாட்ஸ்அப்பில் வரும் "ஓகே" என்ற பதிலில் அந்தச் சோர்வு தெரியாது. ஆகவே, நாமே கேட்டறிய வேண்டும்.

நீங்கள் குழுத் தலைவரா?

• வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாக 10 நிமிடம் பேசுங்கள். முதலில் நலம் விசாரியுங்கள். வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.
• நல்ல வேலையை எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். குறையைத் தனியாகச் சொல்லுங்கள்.
• வேலை நேரம் முடிந்த பிறகு, அவசரமில்லாத செய்திகளை அனுப்பாதீர்கள். வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்குப் பக்கவாத ஆபத்து அதிகம் என உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் எச்சரித்தது.
• முடிந்தால் மாதம் ஒருமுறை நேரில் சந்தியுங்கள். மூவார், சிகாமட், மலாக்காவில் உள்ளவர்களும் தங்காக்கிற்கு எளிதாக வரலாம். ஒன்றாகச் சாப்பிடலாம்; குனோங் லேடாங் அடிவாரத்தில் நடக்கலாம்.

நீங்கள் குழு உறுப்பினரா?

• வேலையைத் தொடங்கவும் முடிக்கவும் நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.
• கணினி முன் அமர்ந்து சாப்பிடாதீர்கள்.
• மாலையில் 30 நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.
• வேலைப் பளு தாங்க முடியவில்லை என்றால் தலைவரிடம் சொல்லுங்கள். அது பலவீனம் அன்று.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வழக்கமாகப் பேசுபவர் திடீரென அமைதியாகிவிடுவது, எளிதில் எரிச்சலடைவது, தூக்கமின்மை, எதிலும் ஆர்வமின்மை. இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். அல்லது சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 999-ஐ அழையுங்கள்.

உங்கள் குழுவில் சில நாள்களாகக் குரலே கேட்காதவர் யார்? இன்றே அவரை அழைத்துப் பேசுங்கள்.