கோர்கோவாடோ மலைக்காடும் ரியோ நகரத்தின் தண்ணீரும்

பிரேசில் தேசத்து ரியோ டி ஜனீரோ நகரத்திற்கு யாத்திரை செல்வோரிற் பெரும்பாலோர் கோர்கோவாடோ மலையுச்சியைக் காணாது திரும்புவதில்லை. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,300 அடி உயரமுள்ள அம்மலைக்கு 1884-ம் வருஷத்திலேயே பற்சக்கர ரயில் போடப்பட்டது. 1931-ல் உச்சியில் கிறிஸ்து நாதரின் பெரிய சிலை நிறுவப்பட்டது. அங்கே நின்று நோக்குங்கால் ஒரு புறம் சமுத்திரமும், கீழே நகரமும், மற்றொரு புறம் டிஜூக்கா என்னும் அடர்ந்த வனமும் தோன்றும். வந்தவர்கள் கடலைக் கண்டு களிக்கின்றனர். நிலமுடையோர் பார்க்க வேண்டியது அவ்வனத்தையே. ஏனெனில் அதன் பெரும்பகுதி முன்னொரு காலத்தில் வெட்டி அழிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் உண்டாக்கப்பட்டதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலைச் சரிவுகளிற் காப்பிப் பயிர் மும்முரமாகப் பரவிற்று. நமது சேர்வராயன் மலையில் உயர்ந்த மரங்களின் நிழலிலே காப்பி வளர்ப்பதைப் பலர் கண்டிருக்கலாம். அக்காலத்துப் பிரேசில் தோட்டக்காரர்களோ காட்டை முழுவதும் வெட்டி எரித்து, சாம்பல் மண்ணில் சரிவின் மேலிருந்து கீழாக நேர் வரிசைகளிற் செடிகளை நட்டனர். மழைநீர் அவ்வரிசைகளின் வழியே வாய்க்காலிற் போல் ஓடி மேல்மண்ணை வாரிச் சென்றது. சில பத்து வருஷங்களுக்குள் நிலம் சாரமற்றுப் போயிற்று.

நஷ்டம் தோட்டத்தோடு நின்றிருந்தால் அதனைத் தோட்டக்காரர் பாடென்று விட்டுவிடலாம். ஆனால் நகரத்தார் குடித்து வந்த கரியோக்கா ஆறு கோர்கோவாடோவின் சரிவிலே உற்பத்தியாவது. அதன் நீரைக் கற்கமானங்களின் மேற் கட்டிய கால்வாய் நகரத்திற்குக் கொண்டு சென்றது. உதிர்ந்த இலைகளும் வேர்களும் நிறைந்த காட்டுமண் மழையை உறிஞ்சிச் சிறிது சிறிதாக ஊற்றுக்களுக்கு விடும். மொட்டை நிலத்திலோ மழை பெய்த அன்றே வெள்ளம், அப்பால் வறட்சி. 1840-க்களில் ஜலத்தட்டு மிகவே, நிலங்களைத் திரும்ப வாங்க வேண்டுமென்ற யோசனை எழுந்தது. காப்பியின் லாபத்தை ஒரு சாரார் அடைந்தனர். தண்ணீரை இழந்தவர்கள் கீழே வசித்தவர்கள். பிற்பாடு நிலத்திற்குக் கிரயம் கொடுத்தது சர்க்கார். மலைப் புறம்போக்கிற் சாகுபடிக்கு மனுச் செய்வோரும், அம்மனுவை விசாரிக்கும் கிராம அதிகாரிகளும் இந்தக் கணக்கைச் சற்று நோக்குவார்களாக.

1861-ம் வருஷத்தில், இரண்டாம் பெத்ரோ சக்கரவர்த்தியின் ஆட்சியில், டிஜூக்காவிலும் பைனெய்ராஸிலும் காடு வளர்க்க உத்தரவு பிறந்தது. மேஜர் மனோவெல் கோமெஸ் ஆர்ச்சர் என்பவர் 1862 முதல் 1874 வரை வேலையை நடத்தினார். தொடக்கத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட ஆட்கள் ஆறு அடிமைகளே. அவர்களுள் ஒருத்தி பெண். கூலியின்றி உழைத்த இவர்களும் பின்வந்த கூலியாட்களும் அறுபதினாயிரத்திற்கு மேற்பட்ட கன்றுகளை நட்டனர். புகழெல்லாம் மேஜருக்கே சென்றது நியாயமன்று. அத்தேசத்தில் அடிமைமுறை ஒழிந்தது 1888-ல் தான்.

ஆர்ச்சர் ஒரே ஜாதி மரத்தை நடவில்லை. அழியாது எஞ்சிய காடுகளிலிருந்தும் குவாரத்திபாவிலிருந்த தமது பண்ணையிலிருந்தும் அந்நாட்டு விருக்ஷங்களின் கன்றுகளைப் பெரும்பாலும் தருவித்தார். நட்ட மரங்களினிடையே தாமாக முளைத்தவையும் சேர்ந்து காடு மூடிற்று. அவருக்குப் பின் வந்த எஸ்க்ராஞ்ஞோல் பிரபு பாதைகளும் காட்சி மேடைகளும் அமைத்தார். எனினும் நகரம் பெருகிய வேகத்திற்கு இவ்வூற்றுக்கள் போதவில்லை. 1880 வாக்கில் தூர மலைகளிலிருந்தும் குழாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. காடு வைத்தால் எல்லாத் தண்ணீர்க் கஷ்டமும் தீருமென்று யாரும் எண்ண வேண்டுவதில்லை.

1961-ல் இவ்வனம் தேசியப் பூங்காவாயிற்று. அதன் விஸ்தீரணம் பதினாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இங்கே தற்போது தொல்லை கொடுப்பது நமக்கு மிகவும் வேண்டிய பலாமரம் என்பது வியப்பாயிருக்கும்! போர்த்துகீசியர் முன்னாளில் இந்தியாவிலிருந்து கொண்டு சென்ற பலா, அக்காட்டில் விதை சிந்திப் பெருகி, சுதேச மரக்கன்றுகளை எழவொட்டாது நெருக்குகிறது. அகூட்டி என்னும் முயலளவான பிராணி அதன் கொட்டைகளைத் தின்பதோடு தூக்கிச் சென்று புதைத்தும் வைக்கிறது. ஆகவே பூங்கா அதிகாரிகள் பெரிய பலாமரங்களின் பட்டையை வளையமாகச் செதுக்கிப் பட்டுப்போகச் செய்தும், இளங்கன்றுகளைப் பிடுங்கியும் வருகின்றனர்.