அப்பா எங்கே இருக்கிறார்?

மாலை ஏழு மணி இருக்கும். மந்தைவெளியில் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி வந்தது. காப்பியுடன் கவலையும் வந்தது.

"மாமா இன்னும் வரவில்லையே! லஸ் வரையில் நடந்துவிட்டு வருகிறேன் என்று ஐந்து மணிக்குப் போனவர்!" என்றார் நண்பரின் மனைவி.

நண்பரின் தகப்பனாருக்கு வயது 76. தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சமீப காலமாகக் கொஞ்சம் மறதி. கைபேசியில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரைக் காணோம்.

நண்பர் தம் கைபேசியில் ஏதோ தட்டினார். பட்டணத்தின் வரைபடம் விரிந்தது. அதில் ஒரு புள்ளி தெரிந்தது. "அடையாறு பஸ் நிலையம்!" என்று கூவினார். ஆட்டோவில் ஓடினோம். பெரியவர் அங்கே ஒரு பெஞ்சில் சாவதானமாக உட்கார்ந்திருந்தார். பஸ் மாறி ஏறிவிட்டாராம். கைபேசி சட்டைப் பையில் இருந்தது. பஸ் இரைச்சலில் மணி காதில் விழவில்லை.

"எப்படியடா என்னைக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டார் பெரியவர்.

"ஆகாயத்திலிருந்து ஸாட்டிலைட் பார்த்துச் சொல்லிற்று, அப்பா!" என்றார் பிள்ளை.

நம்மில் பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருப்பதும் இதைத்தான். ஆனால் இது சரியில்லை. சரியில்லாத இந்தப் பதிலினால் அந்த வீட்டில் பிறகு ஒரு சின்ன மகாபாரதமே நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை ஆகாயத்துக்குப் போய்விட்டு வந்துவிடுவோம்.

பேசத் தெரியும், பார்க்கத் தெரியாது

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ஏற்பாடு. அதன் முதல் செயற்கைக் கோள் 1978-ல் மேலே போயிற்று. இன்று சுமார் 30 கோள்கள், 20,200 கிலோ மீட்டர் உயரத்தில், நாளைக்கு இரண்டு தடவை வீதம் பூமியை வலம் வந்துகொண்டிருக்கின்றன.

அவை செய்கிற வேலை என்ன? ரேடியோவில் அறிவிப்பாளர் மணி சொல்கிறார் அல்லவா, அதே வேலைதான். "நான் இன்ன கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று இரவும் பகலும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து கேட்கிறீர்களா, சமையலறையில் நின்று கேட்கிறீர்களா என்று ரேடியோ அறிவிப்பாளருக்குத் தெரியுமா? கோளுக்கும் தெரியாது. உங்களை அது பார்ப்பதே இல்லை.

கணக்குப் போடுவது உங்கள் கைபேசி. ரேடியோ அலை விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். தலைக்கு நேர் மேலே உள்ள கோளிலிருந்து பூமிக்கு வர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. எவ்வளவு தாமதம் என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்றும் தெரிந்துவிடும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரியும். நாலாவது கோள் ஒன்றும் வேண்டும். கைபேசியில் உள்ள கடிகாரம் அவ்வளவு துல்லியமானதல்ல. அதன் பிழையைத் திருத்துவதற்காகத்தான்.

கோள்களில் இருப்பவையோ அணுக் கடிகாரங்கள். விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இங்கே 300 மீட்டர் பிசகிவிடுமே! இதிலும் ஒரு வேடிக்கை. அவ்வளவு உயரத்தில் அவ்வளவு வேகத்தில் சுற்றும் கடிகாரம், ஐன்ஸ்டீனின் கணக்குப்படி, நாளொன்றுக்கு விநாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்திக்கொள்ளும். அதை முன்கூட்டியே கழித்துவிடுகிறார்கள். கழிக்காவிட்டால் ஒரே நாளில் சுமார் 10 கிலோ மீட்டர் தப்பிவிடும். அடையாறில் இருக்கும் பெரியவரை மீனம்பாக்கத்தில் தேட வேண்டியதுதான்!

ராணுவத்தின் சொத்து நம் சட்டைப் பைக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 1983 செப்டம்பர் 1-ந் தேதி, வழி தவறி ரஷ்ய எல்லைக்குள் புகுந்துவிட்ட கொரியப் பிரயாணி விமானம் ஒன்றைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் மாண்டார்கள். அதன் பின்தான் ஜனாதிபதி ரீகன், ஏற்பாடு பூர்த்தியானதும் உலகத்தார் எல்லோரும் இதை இலவசமாக உபயோகிக்கலாம் என்று அறிவித்தார். அப்படியும் பொது ஜனங்களுக்கு வரும் ஒலிபரப்பில் வேண்டுமென்றே சிறிது பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அதை 2000 மே மாதம் ஜனாதிபதி கிளிண்டன் நீக்கினார்.

காட்டிக் கொடுத்தது யார்?

கோள் சொல்லவில்லை என்றால், பெரியவர் அடையாறில் இருப்பதை யார் சொன்னது? அவர் பையிலிருந்த கைபேசிதான்! கோள்களின் பேச்சைக் கேட்டுத் தன் இடத்தைத் தெரிந்துகொண்டது. பிறகு அதை டெலிபோன் கோபுரத்தின் வழியாக ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிற்று. அங்கிருந்து பிள்ளையின் கைபேசிக்கு வந்து சேர்ந்தது.

அப்படி அனுப்புவதற்கு யாரோ ஒருவருடைய விரல் 'சம்மதம்' என்று அழுத்தியிருக்க வேண்டும். அந்த விரல் பெரியவருடையது அல்ல, பிள்ளையுடையது. கைபேசி வாங்கிக் கொடுத்த அன்றைக்கே அவர் அந்தக் காரியத்தைச் செய்துவிட்டார், அப்பாவிடம் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, சாப்பிடும் வேளையில் நண்பர் வாய் தவறிவிட்டார்: "சாயங்காலம் நாலு மணிக்கு மிட்டாய்க் கடையில் என்ன வேலை, அப்பா? சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு அல்வாவா?"

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை நண்பர் ஆபீஸிலிருந்து பார்த்தார். புள்ளி வீட்டிலேயே இருந்தது. 'அப்பா வெளியே போகவில்லை' என்று நிம்மதியாக இருந்தார். ஏழு மணிக்கு மனைவி கூப்பிட்டார்: "மாமாவைக் காணோம்!"

கைபேசி தலையணைக்கு அடியில் இருந்தது. புள்ளி பொய் சொல்லவில்லை. அது கைபேசி இருக்கும் இடத்தைத்தான் காட்டும். மனிதர் இருக்கும் இடத்தை அல்ல. ஒன்றரை மணி நேரம் அந்த வீடு பட்ட பாடு சொல்லி முடியாது. எட்டரை மணிக்குப் பெரியவர் தாமாகவே வந்து சேர்ந்தார்.

"தபாலில் இருந்த அத்தனை வருஷத்தில் ஒருத்தருடைய கடிதத்தையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை. நீ என் நடையையே பிரித்துப் படிக்கிறாயே!" என்றார். அவ்வளவுதான். படுக்கப் போய்விட்டார்.

கோர்ட்டும் சொன்னது

ஏறக்குறைய இதையே நம் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. போதை மருந்து வழக்கில் சிக்கிய நைஜீரியர் ஒருவருக்கு ஜாமீன் கொடுத்த டில்லி உயர் நீதிமன்றம், அவர் இருக்கும் இடம் கூகிள் வரைபடத்தில் போலீஸ் அதிகாரிக்குத் தெரியும்படி செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. ஜாமீனில் இருப்பவரின் அந்தரங்க வாழ்க்கையைப் போலீஸ் சதா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க இடம் கொடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டென்றால், ஒரு குற்றமும் செய்யாத அப்பாவுக்கு இல்லாமல் போகுமா?

அதற்காகப் பிள்ளையின் கவலையைத் தள்ளிவிடவும் முடியாது. அன்று அடையாறில் அந்தப் புள்ளி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

கடைசியில் இருவரும் சமாதானத்துக்கு வந்தார்கள். பிள்ளை செய்து வைத்திருந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார். வெளியே கிளம்பும்போது பெரியவரே தம் கைபேசியில் அழுத்துகிறார். வாட்ஸ்அப்பில் 15 நிமிஷம், ஒரு மணி, எட்டு மணி என்று மூன்று கணக்கு இருக்கிறது. அவர் ஒரு மணி கொடுக்கிறார். நேரம் முடிந்தால் புள்ளி தானே மறைந்துவிடும்.

வீட்டில் உள்ளவர்களும் சில விஷயங்களைக் கற்றுக்கொண்டார்கள். புள்ளியைச் சுற்றி வெளிறிய வட்டம் தெரிந்தால், அது கைபேசியின் சந்தேகம். வெட்ட வெளியில் சுமார் ஐந்து மீட்டருக்குள் சரியாகச் சொல்லும் கைபேசி, கட்டடத்துக்குள் போனால் தடுமாறும். புள்ளி எத்தனை மணிக்கு வந்தது என்றும் பார்க்க வேண்டும். பாட்டரி தீர்ந்து போன கைபேசியின் புள்ளி, பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். ஆகவே பெரியவரின் சட்டைப் பையில், வீட்டு விலாசம் எழுதிய ஒரு சீட்டும் இருக்கிறது. பழைய தபால்காரர் அல்லவா? அதை அவரே அழகாக எழுதி வைத்துக்கொண்டார்.

இன்னும் ஒரு ஷரத்தும் போட்டார்: "ஆபீஸிலிருந்து கிளம்பும்போது நீயும் அழுத்த வேண்டும்."

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நண்பர் வந்திருக்கவில்லை. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியைப் பார்த்தார். முகத்தில் புன்சிரிப்பு பரவிற்று.

"இதோ வந்துவிடுவான். மிட்டாய்க் கடை வாசலில் நிற்கிறான்" என்றார்.