துப்பறியும் நாயும் அதன் தோழரும்

ஒரு வீட்டில் களவு போய்விட்டது. தெருவே திரண்டு நிற்கிறது. போலீஸ் வண்டியிலிருந்து ஒரு நாய் குதித்து இறங்குகிறது. “நாய் வந்துவிட்டது, இனித் திருடன் தப்ப முடியாது” என்று கூட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள். அந்த நாய் அங்கே என்னதான் செய்கிறது? அதன் வாரைப் பிடித்திருக்கும் காவலருக்கு என்ன வேலை? தோழியரே, சற்று அறிந்துகொள்வோம்.

நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்பர். நாயின் மூக்கிலோ அவை இருபது கோடிக்கும் மேல்! நம் உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தோல் துகள்கள் எந்நேரமும் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் வாசனையே நாய்க்கு வழிகாட்டி. ஈரமான காலை வேளையில் அது நிலைத்து நிற்கும். சுடுவெயிலிலும் பலர் மிதித்த இடத்திலும் கெட்டுவிடும். ஆகவே களவு நடந்த வீட்டில் வேடிக்கை பார்க்கக் கூடுவோர், தம்மையறியாமல் திருடனுக்கே உதவுகிறார்கள்.

போலீஸ் வேலைக்கென நாய்களை முறையாகப் பழக்கும் திட்டம் 1899-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரில் தொடங்கியது. நம் நாட்டில் குவாலியருக்கு அருகே தேகன்பூரில், எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி நிலையம் 1970-இல் ஏற்பட்டது. அங்கே நாய் மட்டும் பயில்வதில்லை. அதைக் கையாளும் காவலரும் உடன் பயில்கிறார். உணவளிப்பது, உடலைத் துலக்குவது, நோயில் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பே. பயிற்சி நாய்க்கு ஒரு விளையாட்டு. ஒளித்துவைத்த பொருளைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும். தட்டிக்கொடுத்துப் பாராட்டும் கிடைக்கும். வெடிமருந்தைக் கண்டால் மட்டும் குரைக்கவோ கீறவோ கூடாது. ஓசையின்றி அமர்ந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இருவர் உயிருக்குமே ஆபத்து.

1993-இல் பம்பாயில் குண்டுகள் வெடித்தபோது, ஜஞ்சீர் என்னும் லாப்ரடார் நாய் ஏராளமான வெடிமருந்துகளைக் கண்டுபிடித்துப் பல உயிர்களைக் காத்தது. 2000-இல் அது இறந்தபோது போலீசார் மரியாதையுடன் அடக்கம் செய்தனர்.

அப்படியானால் நாய் காட்டும் மனிதன் குற்றவாளிதானா? இல்லை. 1969-இல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை ஆராய்ந்தது. நாய் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லாது. அதைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. அதற்காக அதன் காவலரே பேசவேண்டும். எனவே அத்தகைய சாட்சியத்துக்கு அதிக மதிப்பளிக்க இயலாது என்பது தீர்ப்பு.

இந்த எச்சரிக்கை எவ்வளவு சரி என்பதை 2011-இல் கலிபோர்னியாவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. சிவப்புக் காகிதம் ஒட்டிய இடத்தில் பொருள் இருப்பதாகப் பதினெட்டுக் காவலர்களிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் எங்குமே எதுவும் இல்லை. ஆயினும் காகிதம் இருந்த இடங்களையே நாய்கள் காட்டியதாகக் காவலர்கள் பலமுறை தெரிவித்தனர். வார் சற்றே இறுகினாலும், கால் ஒரு கணம் தயங்கினாலும் எசமானரின் எண்ணம் நாய்க்குப் புரிந்துவிடக்கூடும். அவரை மகிழ்விப்பதுதானே அதன் ஆசை!

ஆகவே நல்ல காவலர், இவன்தான் திருடன் என்று தம் மனத்தில் முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. வாரைத் தளர்த்திப் பிடித்து, நாயைப் பின்தொடர்ந்தே செல்கிறார். அவர் அவசரப்பட்டால் குற்றமற்ற ஒருவர் சிறைக்குச் செல்ல நேரலாம்.

தோழியரே, வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால், விசாரிக்கும் முன்னரே நாம் ஒருத்தியின் முகத்தைப் பார்க்கிறோம் அல்லவா? அப்பொழுது அந்தக் காவலரின் தளர்ந்த வாரை நினைத்துக்கொள்வோம்.