வாச்சாத்தி வழக்கு

அன்னிய ஆட்சியிலிருந்து விடுபட்ட தேசங்களில் ஜனநாயகம் எவ்விதம் வேரூன்றுகிறது, எவ்விதம் பட்டுப்போகிறது என்பதைப் பற்றி மேனாட்டுப் பண்டிதர்கள் எழுதிக் குவித்திருக்கும் புஸ்தகங்களுக்குக் கணக்கில்லை. தலைக்கு இவ்வளவு வருமானம் இருந்தால் நிலைக்கும் என்பார் ஒருவர். படிப்பு பரவினால்தான் நிலைக்கும் என்பார் மற்றொருவர். 1951-52ல் நமது தேசம் முதல் பொதுத் தேர்தலை நடத்தியபோது, ஏறக்குறைய 17 கோடிப் பேர் வோட்டர் ஜாபிதாவில் இருந்தனர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களோ ஜனத்தொகையில் 100-க்கு 18 பேர்தான். ஜோஸ்யம் பலிக்கவில்லை. ஆயினும், ஜோஸ்யம் பொய்த்துவிட்டது என்று மார்தட்டிக் கொள்வதோடு நமது வேலை தீர்ந்து விட்டதா? தர்மபுரி ஜில்லாவிலுள்ள ஒரு சிறு கிராமத்தின் கதையை வைத்து இதைச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

தர்மபுரி வோட்டுப் போடுவதில் சளைத்த ஜில்லா அல்ல. 2024ம் வருஷத்துப் பார்லிமெண்டுத் தேர்தலில் ராஜ்யத்திலேயே அதிக வோட்டுப் பதிவான தொகுதி தர்மபுரி. 100-க்கு 81 பேர் சாவடிக்கு வந்தனர். மத்திய சென்னையில் வந்தவர்கள் 54 பேர்கூட இல்லை. 2021ல் நடந்த சட்டசபைத் தேர்தலில் 100-க்கு 87 பேர் வந்து முதலிடம் பெற்றதும் இந்த ஜில்லாவின் பாலக்கோடு தொகுதியே. ஜனநாயகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கம் செய்யும் பட்டணத்துக் கனவான்கள் இந்த எண்களைச் சற்றுக் கவனிப்பார்களாக! வரகும் சாமையும் விளையும் மேட்டு நிலத்துக் குடியானவன் வெயிலில் வரிசையில் நின்றான்; அவர்கள் விசிறிக்கடியில் இருந்தார்கள்.

ஆனால், வோட்டுப் போடுவது ஒன்று. போட்ட வோட்டுக்கு மதிப்பு இருப்பது மற்றொன்று. அரூர் தாலூகாவில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அங்கு வசிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் மலைஜாதியார். 1992 ஜூன் 20ந் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக் கொண்டு வனஇலாகாவினர், போலீஸார், ரெவின்யூ சிப்பந்திகள் என்று மூன்று இலாகாக்களும் சேர்ந்து அக்கிராமத்தில் புகுந்தன. பின்னால் வழக்கில் எதிரிகளாக நிறுத்தப்பட்டவர்கள் மட்டும் 269 பேர்: வனஇலாகாவினர் 155, போலீஸார் 108, ரெவின்யூ சிப்பந்திகள் 6. ஜனங்களை ஊர் ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், குடிநீர்க் கிணற்றையும் விடவில்லை. 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். அவர்களில் பள்ளிக்கூடத்துச் சிறுமியும் இருந்தாள். பிறகு நூற்றுக்கு மேற்பட்டவர்களை, கைக்குழந்தைகளோடுகூடக் கைது செய்து சிறைக்கு அனுப்பினார்கள். அடிபட்டவர்கள் கைதிகளானார்கள், அடித்தவர்கள் வாதிகளானார்கள்!

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. அதே 1992ம் வருஷம் டிசம்பர் மாதத்தில்தான் பார்லிமெண்டு, கிராமப் பஞ்சாயத்துக்களுக்கு அதிகாரம் வழங்கும் 73வது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. டில்லியில் கிராம சுயராஜ்யம் சட்டமாகிக் கொண்டிருந்தபோது, வாச்சாத்தி ஜனங்கள் வீடின்றிக் காட்டில் ஒளிந்து திரிந்தார்கள்.

இது எப்படி நேர்ந்தது? சில கொடிய மனிதர்களின் காரியம் என்று சொல்லி முடித்து விடலாம். நமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1792ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமஹாலைக் கும்பெனியாரிடம் ஒப்படைத்தார். தர்மபுரி அதில் சேர்ந்தது. காப்டன் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இந்த மண்ணில்தான் நிலத்தை அளந்து, குடியானவனிடம் நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடிகோலினார்கள். மன்றோ நல்லவர் என்று நம் முன்னோர்கள் சொல்லி வந்தார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்று பிறந்த சர்க்கார், ஜனங்களைக் கேட்டுப் பிறந்த சர்க்கார் அல்ல. அது தீர்வை வாங்கப் பிறந்தது. பிறகு 1859ல் ஜில்லா போலீஸ் சட்டம் வந்தது. 1882ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடு சர்க்காரின் சொத்தாயிற்று. காட்டிலே தலைமுறை தலைமுறையாக இருந்தவன் அத்துமீறியவன் ஆனான். வாச்சாத்திக்குள் நுழைந்த மூன்று இலாகாக்களும் இந்த மூன்று வழிகளில் வந்தவையே. 1947ல் கோட்டையின் மேல் கொடி மாறியது. மேலே மந்திரிகள் மாறினார்கள். அந்தப் போலீஸ் சட்டமும் அந்த வனச் சட்டமும் பெயரில் மட்டும் 'தமிழ்நாடு' என்று திருத்தம் பெற்று அப்படியே நின்றன.

பிற தேசங்களைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். பர்மாவில் 1962ல் பட்டாளத்தார் ஆட்சியைப் பிடித்தார்கள். பாகிஸ்தானில் 1958லேயே அது நடந்து விட்டது. 1957ல் சுதந்திரம் பெற்ற கானா, 1964ல் ஒரே கட்சி ராஜ்யமாகி, 1966ல் பட்டாளத்தின் கையில் விழுந்தது. இவையெல்லாம் ஒரே நாளில், ரேடியோ அறிவிப்போடு விழுந்த ஜனநாயகங்கள். இலங்கையின் கதை வேறு. அங்கே 1931லேயே வயது வந்தோர் அனைவருக்கும் வோட்டுரிமை கிடைத்தது. நமக்கு 20 வருஷம் முந்தி. அங்கு பட்டாளம் ஆட்சியைப் பிடிக்கவில்லை, தேர்தல்கள் நடந்தன, மந்திரிசபைகள் மாறின. ஆயினும், 1948ல் சட்டசபையில் முறைப்படி கைதூக்கியே மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரான லக்ஷக்கணக்கான தமிழர்களின் பிரஜா உரிமையைப் பறித்தார்கள். அந்தத் தவறு கடைசியாகச் சட்டத்தில் திருத்தப்பட்டது 2003ல். வோட்டுச் சாவடி திறந்திருக்கும்போதே ஜனநாயகம் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் செத்துப்போகக் கூடும் என்பதற்கு நமக்கு இதைவிட அருகில் சாக்ஷி வேண்டுமா?

நமது தேசத்திலும் 1975 முதல் 1977 வரை அவசரகாலம் என்ற பெயரில் ஓர் இருள் கவிந்தது. 1976 ஜனவரி கடைசியில் சென்னை மந்திரிசபையும் கலைக்கப்பட்டது. 1977 மார்ச்சில் ஜனங்கள் வோட்டினாலேயே அந்த இருளைப் போக்கினார்கள். அது மகத்தான காரியந்தான். ஆனால் வாச்சாத்தியின் இருள் வோட்டினால் போகும் இருள் அல்ல. சில நூறு வோட்டுள்ள கிராமம் எந்த மந்திரிசபையை அசைக்கும்? 234 ஸ்தானங்கள் உள்ள நமது சட்டசபையில் மலைஜாதியாருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடும் சேந்தமங்கலமும் ஆக இரண்டே. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் சேர்ந்த பிரதேசம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லாததால், மலைவாஸிகளின் கிராம சபைக்கு விசேஷ அதிகாரம் தரும் 1996ம் வருஷத்துச் சட்டமும் சித்தேரி மலை ஏறவில்லை.

அப்படியானால் வாச்சாத்திக்கு யார் துணை? 1992 ஜூலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் விஷயத்தைக் கேள்விப்பட்டு அக்கிராமத்துக்குச் சென்றார்கள். மார்க்ஸிஸ்டு கட்சியின் ராஜ்யக் காரியதரிசியாயிருந்த ஏ. நல்லசிவன் நியாய ஸ்தலத்தின் கதவைத் தட்டினார். அவருடைய கட்சியின் கொள்கைகளை ஏற்பவர்களும் இருப்பார்கள், ஏற்காதவர்களும் இருப்பார்கள். இந்தக் காரியத்தில் அவர் செய்ததை மெச்சாதிருக்க முடியாது. சர்க்கார் தரப்பில் அப்படியொன்றும் நடக்கவே இல்லை என்று சாதித்தார்கள். 1995ல் ஹைகோர்ட்டு உத்தரவின்மேல் விசாரணை மத்தியப் புலனாய்வு இலாகாவுக்குப் போயிற்று. சீருடையைக் கண்டால் நடுங்கப் பழக்கப்பட்டிருந்த ஸ்திரீகள், அடையாள அணிவகுப்பில் அந்தச் சீருடைக்காரர்களை ஒவ்வொருவராகச் சுட்டிக் காட்டினார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பெண் கோர்ட்டுக் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்கு அசையாமல் நின்றதைவிடப் பெரிய ராஜீயப் படிப்பை எந்தச் சர்வகலாசாலை கொடுத்துவிடும்?

காலம் ஓடிற்று. மந்திரிசபைகள் இப்பக்கமும் அப்பக்கமும் மாறின, வழக்கு முடியவில்லை. 2011 செப்டம்பர் 29ந் தேதி தர்மபுரி ஜில்லா கோர்ட்டு தீர்ப்பளித்தது. 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்து போயிருந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பாயிற்று. பெண்களைக் கெடுத்த குற்றத்துக்காக 17 பேரில் 12 பேருக்கு 10 வருஷமும், 5 பேருக்கு 7 வருஷமும் கிடைத்தன. மற்றவர்களுக்குக் குறைந்த தண்டனை. இந்திய வன ஸர்வீஸைச் சேர்ந்த நான்கு பெரிய உத்தியோகஸ்தர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மேல் விசாரணை செய்த ஹைகோர்ட்டு நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்கு நேரில் வந்து இடத்தைப் பார்வையிட்டார். அதே வருஷம் செப்டம்பர் 29ந் தேதி கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை ஊர்ஜிதம் செய்து, 18 பெண்களுக்கும் தலைக்கு 10 லக்ஷம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டார்.

இந்த முடிவைக் கண்டு நாம் சந்தோஷப்படுகிறோம். ஆனால் பூரண திருப்தி கொள்ள மனம் வரவில்லை. சம்பவத்துக்கும் முதல் தீர்ப்புக்கும் நடுவே 19 வருஷம். ஹைகோர்ட்டுத் தீர்ப்புக்குள் 31 வருஷம். அன்று பால்குடித்த குழந்தை இதற்குள் தன் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் வயதை அடைந்துவிட்டது. தாமதித்த நீதியும் நீதிதான் என்று கோர்ட்டு வாசலில் காத்திருக்காதவர்கள் சொல்லலாம்.

இதே ஜில்லாவில் நியாய ஸ்தலத்தின் தீர்ப்புக்கு நேர்ந்த இன்னொரு கதியையும் மறக்கக் கூடாது. 2000ம் வருஷம் பிப்ரவரி 2ந் தேதி, ஒரு கட்சித் தலைவருக்கு விரோதமாகச் சென்னையில் தீர்ப்பு வந்தது என்ற ஆத்திரத்தில், அக்கட்சியார் தர்மபுரியருகே கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரி மாணவிகள் வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் கருகி மாண்டார்கள். தீர்ப்பு பிடிக்காவிட்டால் அப்பீல் செய்வதற்குப் பதில் பஸ்ஸைக் கொளுத்தினார்கள் வோட்டுரிமையுள்ள கனவான்கள்; காட்டிலே ஒளிந்த வாச்சாத்தி ஜனங்களோ எந்தக் கச்சேரியையும் கொளுத்தாமல், கோர்ட்டுப் படியேறி 19 வருஷம் காத்திருந்தார்கள். இவ்விருவரில் ஜனநாயகம் அறிந்தவர் யார் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

தர்மபுரிக்குச் சமீபத்தில் பாப்பாரப்பட்டி இருக்கிறது. பாரத மாதாவுக்குக் கோவில் எழுப்ப வேண்டுமென்று சுப்பிரமணிய சிவா ஆசைப்பட்டதும், 1925 ஜூலையில் உயிர் நீத்ததும் அங்கேதான். நோயாளியென்று ரயிலில் ஏற்ற மறுத்தபோது ஊர் ஊராக நடந்தே சென்று பேசிய மனிதர் அவர். அந்த மாதா எழுந்தருள வேண்டிய இடங்களில் வாச்சாத்தி ஆலமரத்தடியும் ஒன்று.

கடைசியாக ஒன்று. 2023ம் வருஷத்துத் தீர்ப்பில் ஹைகோர்ட்டு, 1992ல் இருந்த ஜில்லா கலெக்டர், போலீஸ் சூப்பரிண்டெண்டு, ஜில்லா வன அதிகாரி ஆகியோர்மீதும் தகுந்த நடவடிக்கை எடுக்கும்படி சர்க்காருக்குச் சொல்லியிருக்கிறது. கூண்டில் நின்றவர்கள் அன்று கிராமத்துக்குள் போனவர்கள். கச்சேரியில் நாற்காலியில் இருந்துகொண்டு, நடந்ததை மறைத்தவர்கள் கூண்டுக்கு வரவில்லை. மன்றோ காலத்திலிருந்து ஜில்லாவை ஆண்டு வந்த அந்த நாற்காலிகளிடம் சர்க்கார் விளக்கம் கேட்க வேண்டும். கேட்டதை ஜனங்களுக்குப் பகிரங்கமாகத் தெரிவிக்கவும் வேண்டும்.